ரேடியல் சாலையில் ஓடும் மகனுக்கு

கானாடுகாத்தான்

அன்புள்ள மகனுக்கு,

நீ காலையில் ஓடும் வழியைப் படமாக அனுப்பியிருந்தாய். ஆறரை மணிக்குக் கிளம்பி, சென்னையின் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையின் ஓரமாகவே எட்டுக் கிலோமீட்டர் ஓடித் திரும்புகிறாய் என்று அறிந்து உன்னைப் பெற்ற அப்பச்சி மிகவும் மகிழ்ந்தார்கள். என் கண்ணில் பட்டவை உனக்குப் பின்னால் வரிசையாக நின்ற லாரிகள். ஓடுவதை நிறுத்தும்படி நான் எழுதவில்லை. ஓடும் இடத்தை மாற்றிக்கொள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

மூச்சு முட்டவில்லை, சளியும் இல்லை என்று நீ பதில் சொல்வாய். முப்பது ஆண்டு விலங்கியல் நடத்திய நானும் வண்டிப் புகையை நுரையீரலுக்குக் கேடு என்ற அளவில்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்பச்சிக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு தேடிப் படித்தபோதுதான், வெளிக்காற்றின் மாசால் உலகில் நேரும் அகால மரணங்களில் பாதிக்கு மேல் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நிகழ்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருப்பதை அறிந்தேன். இத்தனை வருடம் வகுப்பில் அதைச் சொல்லாமல் விட்டது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

நம் வீட்டு வளவுச் சுவரை நீ சிறுவயதில் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்ப்பாயே, நினைவிருக்கிறதா? சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய அந்தச் சுவர், மேற்பூச்சு வழவழப்பாக இருக்கும்வரை தண்ணீரை உள்ளே விடாது. ஓரிடத்தில் கீறல் விழுந்துவிட்டால் ஈரம் இறங்கிப் பூச்சை உப்பவைத்துவிடும். ரத்தக்குழாயின் உட்புறத்திலும் ஒரே ஒரு செல் கனத்தில் அப்படியொரு பூச்சு இருக்கிறது. ஆனால் அது உயிருள்ள பூச்சு: தானே நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து, வேண்டியபோது குழாயை விரியவைத்து, ரத்தம் ஒட்டாமலும் உறையாமலும் காக்கிறது.

டீசல் புகையில் வரும் பி.எம். 2.5 என்னும் துகள்கள் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவானவை. அவை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை சென்று அங்கே அழற்சியை உண்டாக்க, அந்த அழற்சியின் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகின்றன. மிக நுண்ணிய துகள்கள் தாமே ரத்தத்துக்குள் நுழைகின்றன. எடின்பரோவில் ஆய்வாளர்கள் தீங்கற்ற தங்க நுண்துகள்களைச் சிலரைச் சுவாசிக்கச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், சிலருடைய ரத்தத்தில் 15 நிமிடத்திலேயே அத்துகள்கள் தென்பட்டன. கழுத்துத் தமனியில் அடைப்பு உள்ளவர்களிடம் அவை அந்த அடைப்பிலேயே போய்ச் சேர்ந்திருந்தன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படி நாள்தோறும் உரசல் பட்ட உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, குழாய் விறைக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. கெட்ட கொழுப்பு சுவருக்குள் இறங்க, அதை விழுங்க வந்த வெள்ளணுக்களும் அங்கேயே தங்கிக் கொழுப்புப் படிவம் வளர்கிறது. ஒரு நாள் அந்தப் படிவத்தின் மேல்மூடி கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் அதுதான் மாரடைப்பு. ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்த வேலைக்கு இருமலோ இளைப்போ முன்னறிவிப்பாக வருவதில்லை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 691 பேரை விசாரித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, போக்குவரத்து நெரிசலில் இருந்த அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்ததைக் காட்டியது. அதில் இரைச்சலுக்கும் மனப்பதற்றத்துக்கும் பங்கு இருக்கலாம். அவையும் சாலையில்தானே இருக்கின்றன.

உன் விஷயத்துக்கு மிக நெருக்கமானது லண்டனில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு. 60 வயதைத் தாண்டிய 119 பேரை ஒரு நாள் ஹைடு பூங்காவிலும், இன்னொரு நாள் அப்போது டீசல் பேருந்துகள் ஓயாமல் ஓடிய ஆக்ஸ்போர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். பூங்காவில் நடந்தபோது ஆரோக்கியமானவர்களின் தமனி விறைப்பு தளர்ந்து, அந்த நன்மை மறுநாள் வரை நீடித்தது. அதே கால்கள் அதே தூரம் தெருவில் நடந்தபோது அது பெருமளவு கிடைக்காமலே போயிற்று. நீ இளையவன்தான். ஆனால் ஓடும்போது ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை, அதுவும் வாய் வழியாக, உள்ளே இழுக்கிறாய்.

அப்பச்சிக்குப் புகைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை இருந்தது, அப்பத்தா வழியில் இதய நோயும் உண்டு. ஆனாலும் பீடி சிகரெட்டைத் தொடாத மனிதர், பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் இருபத்தாறு ஆண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் கழற்றிப் போடும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையை நான்தான் துவைத்தேன். அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். அந்த ரத்தம்தான் உனக்கும்.

சாலையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே வண்டிப் புகையின் அடர்த்தி வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே உள்தெருவோ ஏரிக்கரையோ பார். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர்காற்று புகையைத் தரையோடு அழுத்தி வைத்திருக்கும். அப்போது வெயில் ஏறிய பிறகு ஓடு, அல்லது அன்று மாடிப்படியில் ஏறி இறங்கு. பைக்கில் அலுவலகம் போகும்போது துணியைக் கட்டிக்கொள்வதால் பி.எம். 2.5 நிற்காது, முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் வேண்டும். பி.எம். 2.5இன் ஆண்டுச் சராசரிக்கு நம் அரசு வைத்த எல்லை கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. ஆகையால் காற்றுத் தரம் காட்டும் செயலியில் பச்சை நிறம் தெரிந்தாலும் லாரிக்குப் பக்கத்தில் ஓடாதே.

நம் வீட்டுப் படைப்புக்கு ஊருக்கு வரும்போது அப்பச்சியின் கருவியில் உன் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதி வைக்கப்போகிறேன். அதற்கு முன், எந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
ஆத்தா