காதை நீட்டினால் எல்ஃப் ஆகிவிடுமா?

ஆசிரியருக்கு,

கற்பனை உலக விளையாட்டுகளில் வரும் எல்ஃப் (நீண்ட காதுள்ள ஒடிசலான இனம்), குள்ளர், ஆர்க் (முரட்டுப் போர் இனம்) எல்லாம் அரைத்த மாவு, அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டுப் புது இனங்களைப் படைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அலுப்பு நியாயமானதுதான். சொன்ன மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

மரபு என்று நாம் சொல்வது எவ்வளவு பழையது? ஆர்க்கின் பச்சைத் தோலையே எடுத்துக்கொள்வோம். 1977இல் வந்த, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் அரக்கர் கையேட்டுப் படத்தில் ஆர்க்குக்குப் பன்றி மூக்கு. பச்சை நிறம் 1980களில் வார்ஹேமர் என்ற போர் விளையாட்டின் பொம்மைகளோடு பரவி, 1994இல் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு வந்தபின் ஊன்றிவிட்டது. பன்றிமுகக் கிளை ஜப்பானிய விளையாட்டுகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. குட்டை மனிதர் போன்ற இனத்துக்கு ஹாஃப்லிங் என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணம் உரிமைத் தகராறு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974 பதிப்பில், டோல்கினின் நாவல்களில் வரும் ஹாபிட் என்ற பெயரே இருந்தது; ஆட்சேபம் வந்தபின் மாற்றினார்கள். ஆக, காலங்காலமாக வந்தது என்று நாம் திட்டுவதில் பாதி, ஐம்பது வருடப் பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. மேலிருந்து பார்க்கும் போர் விளையாட்டில் ஒரு வீரனுக்குத் திரையில் கிடைப்பது விரல் நகமளவு இடம். முகம் தெரியாது, கவசத்தின் வேலைப்பாடு தெரியாது. நிழல் வடிவம் மட்டுமே தெரியும். ஓவியர் கணக்கில் மனித உடல் ஏழரைத் தலை உயரம். குள்ளரை நாலரைத் தலையில் அகலத் தோளோடும், எல்ஃபை எட்டரைத் தலையில் ஒடிசலாகவும் வரைந்தால் அரை நொடியில் ஆள் பிடிபடும். இதைக் கலைத்தால், வருவது யார் என்று புரிவதற்குள் ஆட்டக்காரரின் படை பாதி அழிந்திருக்கும்.

உடலை மாற்றுவதற்குச் செலவும் அதிகம். 2002இல் வந்த மாரோவிண்ட் என்ற கணினி விளையாட்டில் பல்லி இனத்துக்கும் பூனை இனத்துக்கும் காலும் தலையும் வேறு அமைப்பு. அதனால் அவர்கள் காலணியும் முகம் மூடிய தலைக்கவசமும் அணியவே முடியாது. தனித்துவம் கிடைத்தது, அந்த இனங்களைத் தேர்ந்தவர்களுக்கு இரண்டு கவசத் துண்டுகள் குறைந்தன. நாற்பது கவசங்கள், ஆறு இனங்கள், ஆண் பெண் இரு உடல் என்றால் 480 முறை பொருத்திப் பார்க்க வேண்டும். தாடி மார்புக்கவசத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது இங்கேதான். மனிதனுக்குச் செய்த நடையைக் குட்டைக் காலுக்கு அப்படியே மாட்டினால் காலடியின் நீளம் சிறுத்துவிடும், வேகம் மட்டும் பழையபடியே இருக்கும். பாதம் தரையில் வழுக்கும். காலடிகளின் வேகத்தைக் கூட்ட வேண்டும், இல்லையேல் ஆளின் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் ஆட்டக்காரர்கள் திட்டுவார்கள். மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேகூட 2014 பதிப்பில் ஒரு முறைக்கு 25 அடியாக இருந்த குள்ளரின் வேகத்தை 2024இல் மற்றவர்களைப் போல 30 ஆக்கிவிட்டார்கள்.

அப்படியானால் புதுமையை எங்கே வைப்பது? தோற்றத்தை விட்டுவிட்டு, அந்த இனத்தின் வாழ்க்கையைத் தாங்கும் தூண் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவுகளை விடாமல் பின்தொடர வேண்டும். 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் என்ற கணினி விளையாட்டில் குள்ளர்கள் பார்வைக்குப் பழைய குள்ளர்களே. ஆனால் அவர்களுக்குக் கனவு வராது. அதனால் மந்திரமும் வராது. மந்திரத்துக்கு வேண்டிய தாதுவைத் தோண்டும்போது அது மற்றவர்களைத் தாக்குமளவு அவர்களைத் தாக்காது. எனவே அந்த வியாபாரம் அவர்கள் கையில். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1991இல் வந்த டார்க் சன் என்ற கற்பனை உலகில் குள்ளருக்குத் தாடியே கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு காரியத்தைத் தலைமேல் ஏற்றுக்கொண்டு வாழ்கிறார்கள்; முடிக்காமல் செத்தால் பேயாக அலைவார்கள். தாடி போயும் குள்ளரின் பிடிவாதம் போகவில்லை, இன்னும் கூர்மையாகிவிட்டது.

கவனிக்காமல் விட்ட பழைய சரக்கும் நிறைய இருக்கிறது. நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) கவிதை ஒன்றில் அல்வீஸ் என்ற குள்ளன், இடிக் கடவுளான தோரின் மகளை மணக்க வருகிறான். தோர் கேள்விமேல் கேள்வி கேட்டே பொழுதை விடியவைக்கிறான். வெளிச்சத்தில் சிக்கிய குள்ளன் கதை அதோடு முடிகிறது. வெயில் ஆகாத குள்ளர்! ஆனால் வெயில் பட்டதும் சாவு என்று விதி வைத்தால் வரைபடத்தில் பாதி பூட்டிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், கவசத்தின் உறுதி அதே அளவு கூடும் என்று வையுங்கள். முக்காடு ஒரு முக்கியப் பொருளாகிவிடும், சந்தை இரவில் கூடும், பகலில் வாயிலைக் காக்க வேற்றினத்தாரைக் கூலிக்கு வைக்க வேண்டிவரும்.

பெரும்பாலான 'புதிய' இனங்கள் சறுக்குவது இதற்கு நேர்மாறான வழியில். தோலுக்கு நீல நிறம், வாயில் நுழையாத பெயர், மூவாயிரம் வருட வரலாறு. விதியில் மட்டும் ஒன்றும் மாறியிருக்காது. ஆட்டக்காரர் பார்த்தவுடன் 'ஓ, எல்ஃபா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இன்னொரு சறுக்கல், ஓர் இனம் முழுவதற்கும் ஒரே குணம். இனத்தோடு ஒட்டியிருந்த பண்பெண் கூடுதலை (வலிமை, அறிவு போன்றவற்றுக்குத் தரும் கூடுதல் எண்ணை) டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024இல் எடுத்து, பாத்திரத்தின் முன்வாழ்க்கையோடு சேர்த்துவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த எண்கள் போனபின் எல்ஃபுக்கும் மனிதனுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு, தூக்கத்துக்குப் பதில் எல்ஃப் செய்யும் நான்கு மணி நேரத் தியானத்தைத் தாண்டி இன்னும் பதில் தேவைப்படுகிறது.

வெளியிடும் முன் எளிய சோதனை ஒன்று செய்யலாம். குள்ளர் பேசும் இருபது வசனங்களை எடுத்து, பெயரையும் சுத்தியல், மது, தாடி பற்றிய சொற்களையும் அடித்துவிட்டு, வேறொருவரிடம் கொடுத்து யார் பேசுவது என்று கேளுங்கள். ஒலிப்பதிவு என்றால், குள்ளருக்கு வழக்கமாகக் கொடுக்கும் அந்த ஸ்காட்லாந்து உச்சரிப்பையும் எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
விளையாட்டு வடிவமைப்பை அறிந்த வாசகர்