சான்டோரினியை விட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கிரேக்கத் தீவுகளைச் சுற்ற பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்கலாம் என்று நீ போட்ட பட்டியல் வந்தது. சனிக்கிழமை ஏதென்ஸில் படகு ஏறுவது, மறுநாள் மைக்கோனோஸ், அங்கிருந்து நக்சோஸ், பாரோஸ், சான்டோரினியில் இரண்டு இரவு, அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்து விமானம் பிடிப்பது. அதுவும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி. சித்தியும் சித்தப்பாவும் வருகிறார்கள் என்பதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறாய்; அதை முதல் வரியில் போட்டிருந்தால் பட்டியலே வேறு மாதிரி வந்திருக்கும்.

முதலில் நாள் கணக்கைப் பார். ஒரு வார வாடகை என்பார்கள், கையில் கிடைப்பது ஆறு பகல்தான். சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில்தான் படகை ஒப்படைப்பார்கள். சாமான்களைச் சரிபார்த்து, மளிகை வாங்கி அடுக்குவதற்குள் இருட்டிவிடும். வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிய துறைக்குத் திரும்பி டீசல் நிரப்பி வைத்துவிட்டு, சனி காலை ஒன்பது மணி வாக்கில் இறங்கிவிட வேண்டும். நீ பார்த்து வைத்திருக்கும் அளவுள்ள பாய்மரப் படகு சராசரியாக மணிக்கு ஐந்தாறு கடல்மைல் ஓடும். சான்டோரினி ஏதென்ஸிலிருந்து 120 கடல்மைலை ஒட்டி இருக்கிறது. ஒரு வழிக்கே இருபது மணி நேரத்துக்கு மேல்.

போகும்போதாவது காற்று பின்னாலிருந்து தள்ளும். வரும்போது அதே காற்று நேர் முகத்தில். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் இந்தக் காற்றை மெல்தெமி என்கிறார்கள். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் ஆறு, ஏழு சாதாரணம். சில நாள் எட்டைத் தொடும். மூன்று நாள் விடாமல் அடித்தால் படகு துறையைவிட்டு நகராது, விமான டிக்கெட் காத்திருக்காது. ஒரு வேடிக்கை: நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் அந்தக் கோடைத் தாழ்வழுத்தம் பாகிஸ்தான், ஈரான் வழியாகத் துருக்கி வரை நீள்கிறது. பால்கன் பக்கத்து உயர் அழுத்தத்துக்கும் அதற்கும் நடுவில் பிழிபட்டு வருவதுதான் மெல்தெமி. குற்றாலத்தில் சீசன் களைகட்டும் மாதங்களில்தான் அங்கே படகுக்காரர்கள் துறையில் முடங்கிக் கிடப்பார்கள்.

இத்தனையும் தாண்டிப் போனாலும் சான்டோரினியில் படகுக்கு இடம் கிடையாது. நீ புகைப்படத்தில் பார்க்கும் அந்த நீலப் பள்ளம் எரிமலையின் வாய். கரையை ஒட்டியே ஆழம் செங்குத்தாக இறங்கி நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் போவதால் பெரும்பாலான இடங்களில் நங்கூரம் தரையைத் தொடாது. தெற்கே விலிகாடா என்று ஒரு சின்னத் துறை உண்டு. அங்கே கட்டிவிட்டு, சூரிய அஸ்தமனம் பார்க்கத் தீவின் மறுகோடிக்கு வண்டியில்தான் போக வேண்டும். அதற்குப் பேசாமல் ஃபெர்ரியில் போய் ஓட்டலில் தங்கிவிடலாம்.

என் யோசனை சரோனிக் வளைகுடா. ஏதென்ஸுக்குத் தெற்கே, ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா நிலத்தின் மறைவில் இருப்பதால் மெல்தெமி அங்கே வரும்போது பாதி வீரியம் போயிருக்கும். ஊருக்கு ஊர் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபது கடல்மைல். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊர். தேதியையும் மாற்று. ஆகஸ்ட் 15 கிரேக்கர்களுக்கும் பெரிய திருநாள், மாதாவுக்கானது. நாடே தீவுகளில்தான் இருக்கும். பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசியில் போ. மெல்தெமி ஓய்ந்திருக்கும், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். எப்போதாவது புயல் வருவதுண்டு. 2020 செப்டம்பரில் இயானோஸ் மேற்குப் பக்கத்து அயோனியன் தீவுகளைப் புரட்டிப் போட்டது. அதனால் தினமும் காலையில் வானிலை பார்த்த பிறகுதான் அன்றைய ஊர் முடிவாக வேண்டும்.

ஏதென்ஸின் அலிமோஸ் துறையிலிருந்து முதல் நாள் ஏஜினா தீவு. அஃபையா என்ற பழங்காலக் கோயிலும் பிஸ்தாவும் போதும், அங்கே அதிகம் மெனக்கெடாதே. இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது: பாலையா எபிடாவ்ரோஸ். ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னத் துறை. அங்கிருந்து டாக்ஸியில் போனால், கி.மு. நான்காம் நூற்றாண்டில் மலைச்சரிவில் அமைத்த அரங்கம் இருக்கிறது. ஏறக்குறைய 14,000 பேர் உட்காரலாம். சித்தப்பாவை மேல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கீழே வட்டத்தின் நடுக்கல்லில் நின்று பேசிப் பார். உரக்கப் பேசினால்தான் அவருக்குக் கேட்கும் என்று வீட்டில் எல்லோரும் கத்துகிறீர்களே, அங்கே அந்தக் குரல் மேல் வரிசை வரை போகும். துறைக்குப் பக்கத்திலேயே முழங்கால், இடுப்பு ஆழத்தைத் தாண்டிக் கொஞ்சம் நீந்தினால், இரண்டு மீட்டர் தண்ணீருக்கு அடியில் ரோமானியர் காலத்து வீடு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. சுவர்களின் அடித்தளமும், தரையில் பதித்த பெரிய பெரிய தாழிகளும் மேலேயிருந்தே தெரியும். நீச்சல் கண்ணாடி இருந்தால் போதும். பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து கிளப்புவதுதான் பாடு.

பிறகு போரோஸ், அதன்பின் ஹைட்ரா. ஹைட்ராவில் காரும் ஸ்கூட்டரும் கிடையாது. குப்பை லாரி மாதிரி ஓரிரண்டைத் தவிர எல்லாச் சுமையும் கோவேறு கழுதை முதுகில்தான். 1821 கிரேக்க விடுதலைப் போருக்குக் கப்பல் கொடுத்த முதலாளிகளின் கல்மாளிகைகள் துறையைச் சுற்றி நிற்கின்றன. ஆனால் துறை சின்னது. மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடமில்லை.

படகு கட்டுவதை ஒருமுறை பார்த்தால் நான் ஏன் கேப்டன் வைக்கச் சொல்கிறேன் என்று புரியும். கரையிலிருந்து மூன்று நான்கு படகு நீளத்துக்கு அப்பால் முன்பக்க நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வந்து, இரண்டு பின்கயிறுகளைக் கரையில் கட்ட வேண்டும். பக்கவாட்டில் காற்று தள்ளும். இரண்டு பக்கமும் அடுத்தவன் படகு. ஹைட்ராவில் இடம் நிரம்பிய பிறகு இரண்டாவது, மூன்றாவது வரிசையிலும் கட்டுவார்கள். காலையில் உன் நங்கூரத்தைத் தூக்கினால் இன்னொருவன் சங்கிலியும் சேர்ந்து வரும். கேப்டன் இல்லாமல் எடுப்பதற்கு உரிமம் உள்ள ஒருவரும், கடல் பழக்கம் உள்ள இன்னொருவரும் வேண்டும். நம் குடும்பத்தில் இரண்டும் இல்லை. நான்கு கேபின் படகு எடு. ஒன்று கேப்டனுக்கு. அவர் சம்பளம் தனி, சாப்பாடும் நம் பொறுப்பு.

சாப்பாடு என்றதும் சித்தி கவலைப்படுவார். மின்சார ரைஸ் குக்கர் வேண்டாம் என்று சொல். துறையில் மின்இணைப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். படகில் கேஸ் அடுப்பு உண்டு, அலைக்கு ஏற்றபடி அதுவே ஆடிச் சமநிலையில் நிற்கும். சின்ன பிரஷர் குக்கர், பருப்பு, சாம்பார்ப் பொடி போதும். கரையில் சைவம் கிடைப்பது கஷ்டமே இல்லை: ஃபாவா என்று பருப்பைக் கடைந்து எண்ணெய் விட்டுத் தருவார்கள், யிகாண்டெஸ் என்ற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளியில் அரிசி அடைத்த யெமிஸ்தா. யெமிஸ்தாவில் மட்டும் கறி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

கழிப்பறையில் காகிதம் போடக் கூடாது, இதைப் பிள்ளைகளுக்கு ஏறும் முன்பே சொல்லிவிடு. அடைத்துக்கொண்டால் பிரித்துச் சரிசெய்வது நாம்தான். ஏழு பேருக்குச் சில நூறு லிட்டர் நன்னீர்தான், சித்தி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க முடியாது. சக்கரப் பெட்டிக்கு இடமில்லை, துணிப்பையில் கொண்டு வாருங்கள். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டினால் கேபினுக்குள் போய்ப் படுக்காமல் மேலே உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஜூனில் ஆரம்பித்துவிடு. முன்பணம் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு. டெபாசிட் எவ்வளவு, விசா மறுத்தால் பணம் திரும்புமா, நங்கூரமும், கரைக்குப் போய்வரும் டிங்கி என்ற குட்டிப் படகும் தொலைந்தால் யார் தலையில் விழும் என்ற மூன்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா