ஆடியில் சொன்னதை வாபஸ் வாங்குறேன்

மேலூர்,
கார்த்திகை 4

டேய் மாப்ளே,

ஆடி மாசம் உன் மகன் வாங்கப்போற வீட்டைப் பத்தி நீ போன்ல கேட்டதுக்கு நான் சொன்ன பதிலை இன்னிக்கு வாபஸ் வாங்குறேன். அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. போன்ல சொன்னா நீ நடுவுல புகுந்து சிரிப்ப, நான் கோவத்துல வச்சிருவேன், விசயம் பாதியில நிக்கும். நாலு மாசமா ஒரு போன்கூடப் பண்ணலைன்னு தங்கச்சி திட்டுனதா ஒச்சு சொன்னான். நியாயமான திட்டு. உடம்புக்கு ஒண்ணுமில்ல, சுகர் அதே இடத்துல நிக்குது, சின்னவளுக்குப் பையன் பிறந்திருக்கான். குடும்பச் சேதி அம்புட்டுத்தான்.

அமெரிக்காவுல, வட கரோலினா வில்மிங்டன்ல வாடகைக்கு இருக்கிற வீட்டையே உன் மகன் விலை பேசுறான்னு போட்டோ அனுப்பி, "நாப்பது வருசம் சிமெண்ட் கடை வச்சவன், நீ சொல்லு"ன்ன. நானும் மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடாம பாத்துட்டு, "சுவரு சும்மா பளிங்கு கணக்கா இருக்கு, தாராளமா முடிக்கச் சொல்லு"ன்னுட்டேன். மரவேலியைப் பாத்துட்டு "இதுதான்டா வீட்டு லட்சணம்"னு வேற அளந்தேன். வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்.

ஐப்பசி மழை எனக்குப் பாடம் எடுத்துருச்சு. தாத்தா வீட்டு மேற்குச் சுவரு தெரியும்ல, நாம கிட்டி அடிச்சு அம்மாகிட்ட அடி வாங்குன அதே சுவருதான். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், கடுக்காய்த் தண்ணி ஊத்தி அரைச்சது. கடையை மூடுனப்ப மிஞ்சுன டெக்ஸ்சர் பூச்சு டப்பா எட்டு வீட்டுல கிடந்துச்சு. சும்மா கிடக்குதேன்னு சித்திரையில அந்தச் சுவருக்கு ரோலர் போட்டு ஏத்தி, மேல தண்ணி புகாத அக்ரிலிக் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சேன். தெருவே நின்னு பாத்துச்சு. கருப்பையா கொத்தனார் மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு, வெத்தலையைத் துப்பிட்டுப் போயிட்டாரு.

ஐப்பசியில மூணு நாள் விடாம பெய்ஞ்சதும், ஜன்னலுக்குப் பக்கத்துல பலாப்பழம் கணக்கா ஒரு பொக்களம். அமுக்குனா மெத்துன்னு உள்ள போகுது. கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தேன். அவரு விரலை மடக்கிச் சுவரு நெடுகத் தட்டிட்டே வந்தாரு. நல்ல இடத்துல டொக் டொக்னு கேட்டுச்சு, பொக்களத்துக்கிட்ட பொத் பொத்துன்னுச்சு. திருப்புளியால ஒரு குத்து. செம்மண் நிறத்துல தண்ணி பீச்சி என் வேட்டியில அடிச்சது. தோலை உரிச்சுப் பாத்தா, எண்பது வருசமா அசையாத காரை பழைய சோறு மாதிரி குழைஞ்சு கிடக்கு. "செவுத்துக்கு ரெயின்கோட்டு போட்டிய, கழுத்துப் பித்தானைப் போடலையேண்ணே"ன்னாரு. கைப்பிடிச் சுவருல மயிரிழை வெடிப்பு ஒண்ணு இருந்திருக்கு. அதுவழியா உள்ள இறங்குன தண்ணி வெளிய வர வழியில்லாம என் பெயிண்டுக்குப் பின்னாலயே உக்காந்துருச்சு.

அந்தச் சுவரு முன்னாடியும் ஒவ்வொரு மழைக்கும் நனைஞ்சதுதான். தையில காஞ்சுரும். மண்பானை மாதிரி அது, வாங்குறதைக் கசிஞ்சு விட்டுரும். நான் அதைப் பிளாஸ்டிக் குடம் ஆக்கிட்டேன். நாயக்கர் மகால்ல தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நீ பீடி குடிச்சியே, அந்தச் சுதை வேலை 1636-ல கட்டுனப்ப போட்ட வகை, சுண்ணாம்புதான். பழுதே பாக்காம நிக்குதுன்னு சொல்ல வரல. நேப்பியர் பிரபு கவர்னரா இருந்த 1866–72-ல பெரிய அளவுல பழுது பாத்திருக்காங்க. ஆனா பழுது பாக்கிற மாதிரி அது கெடும். கறை விடும், உதிரும், கண்ணுக்குத் தெரியும். என் அக்ரிலிக் கடைசி நாள் வரைக்கும் பளபளன்னு இருந்துட்டு ஒரே நாள்ல கவுத்துருச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் உன் மகன் வீட்டுப் போட்டோ ஞாபகம் வந்துச்சு. தூக்கமே போச்சு. பேத்தியை உக்கார வச்சு ரெண்டு வாரமா அதைப் பத்தியே படிக்கிறேன். இப்ப சொல்றதைக் கேலி பண்ணாம கேளு.

அங்க சுவருன்னா செங்கல் இல்லடா. மரச்சட்டம், அதுமேல மரச் சீவலைப் பசையில அழுத்துன பலகை. அந்தப் பலகை மேல தெர்மோகோல் அட்டை, அட்டைக்கு மேல கண்ணாடி இழை வலை வச்சு ஒரு பூச்சு, கடைசியில அக்ரிலிக் பூச்சு. இதுதான் நீ பாக்கிற 'ஸ்டக்கோ'. தட்டிப் பாரு, காலி டப்பா சத்தம் வரும். ரெண்டாவது உலக யுத்தத்துக்கு அப்புறம் ஜெர்மனியில இந்த முறையைச் செங்கல், கான்கிரீட் சுவரு மேல போட்டாங்க. அங்க கொஞ்சம் தண்ணி புகுந்தாலும் அழுகுறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல. 1969-வாக்குல அமெரிக்காவுக்குப் போச்சு, பின்னால மரவீட்டு மேலயும் ஏறிருச்சு. 1995-ல ஒரு ஊருல வரிசையா வீடுகளைச் சோதிச்சப்ப, வெளிய அழகா இருக்கிற சுவருக்குள்ள பலகை ஊறி மக்கிக் கிடந்துச்சாம். எந்த ஊருன்னு நினைக்கிற? உன் வில்மிங்டன்தான்டா! உன் வீடு 1993-ல கட்டுனதுன்னு நீதான் சொன்ன. எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

பூச்சு மேல குத்தமில்ல. தண்ணி பூச்சுக்குள்ள நுழையல, ஜன்னல் மூலையில, கூரை வந்து சுவருல முட்டுற இடத்துல, விளக்கு மாட்டுன ஓட்டையில நுழைஞ்சிருக்கு. அப்ப போட்ட முறையில வடிகால்னு ஒண்ணு கிடையாது. அதுக்கப்புறம்தான் அட்டைக்குப் பின்னால சின்ன இடைவெளியும், பலகை மேல தண்ணி தாங்குற உறையும், அடியில தண்ணி வெளிய விழ வழியும் வச்ச முறை பரவுச்சு. மதுரைப் பக்கம் வருசத்துக்கு 850 மில்லிமீட்டரைச் சுத்தித்தான் மழை, மீதி நாளெல்லாம் வெயில் காய வச்சிரும். உங்க ஊருல 1,400-க்கு மேல, அதுவும் வருசம் பூராவும். காயுறதுக்கு நேரமே கிடைக்காது. இதுல நீங்க உள்ள ஏசி போட்டுக் குளிர வைக்கிறீங்க. வெளிக் காத்துல இருக்கிற ஈரம், ஐஸ் தண்ணி டம்ளருக்கு வேர்க்கிற மாதிரி, குளிர்ந்த சுவருக்குள்ளயும் வேர்க்கும். பிளாஸ்டிக் அந்த ஈரத்தைக் காய விடாம அடைச்சிரும், அதனால தங்கச்சிக்குப் பிடிச்ச அந்த ரோஜாப்பூ பிளாஸ்டிக் வால்பேப்பரை வெளிச்சுவரோட உள்பக்கம் ஒட்ட விடாத. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லிராத.

நாளைக் காலையில காப்பி குடிச்சதும் வெளிய ஒரு சுத்து சுத்து. கூரையோட ஓரம் சுவருல முடியுற இடத்துல, தண்ணியைச் சுவருக்கு வெளிய தள்ளிவிடுற சின்னத் தகடு ஒண்ணு மடிச்சு வச்சிருக்கணும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அது இல்லைன்னா அதுக்குக் கீழ இருக்கிற சுவரைத்தான் முதல்ல சந்தேகப்படு. ஜன்னலைச் சுத்தி வச்ச பசை வெடிச்சிருக்கான்னு பாரு. பூச்சு மண்ணைத் தொடக்கூடாது, ஆறு அங்குலமாவது மேல நிக்கணும், எட்டு இருந்தா இன்னும் நல்லது. தொட்டுச்சுன்னா கரையான் தெர்மோகோலுக்குள்ளயே சுரங்கம் போட்டு மேல போயிரும், உனக்குத் தெரியவே தெரியாது. பூச்செடிக்குன்னு தங்கச்சி மண்ணை அணைச்சு வச்சிருந்தா அதையும் எடுத்துரு. இது போதும்னு இருந்துராத. ஊசி மாதிரி ரெண்டு முனை வச்ச ஈர மீட்டர் இருக்காம், சின்ன ஓட்டை போட்டுப் பலகையில குத்திப் பாப்பாங்க. மரத்துல ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டுனா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். விக்கிறவன் கூட்டிட்டு வர்ற ஆள் வேணாம், உன் மகன் தன் காசுல ஆள் வச்சுப் பாக்கட்டும். வடிகால் இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்கச் சொல்லு. இல்லைன்னா விலையை அடிச்சுப் பேசு, அதுல நீ கில்லாடிதானே. மாட்டுத்தாவணியில பத்து ரூவா தேங்காய்க்கு முக்கால் மணி நேரம் நின்ன ஆளு.

வேலி விசயத்துலயும் நான் சொன்னது தப்பு. நாலு வருசம் முன்ன நான் போட்ட வேலியை நீ பாத்திருக்க. வேப்பங்கால் நட்டு, மாம்பலகை அடிச்சு, கால் அசையக்கூடாதுன்னு சுத்தி கான்கிரீட் ஊத்துனேன். போன மாசம் எருமை ஒண்ணு லேசா உரசுச்சு, வரிசையே படுத்துருச்சு. பிடுங்கிப் பாத்தா, மேல மரம் கெட்டியா இருக்கு. மண்ணும் காத்தும் சந்திக்கிற ஒரு சாண் மட்டும் அவிச்ச கிழங்கு மாதிரி பிசையுது. நான் ஊத்துன கான்கிரீட்டு கிண்ணமா நின்னு தண்ணியைத் தேக்கியிருக்கு. தாத்தா நட்ட கல்லுக்கால் நாலும், இடையில கிளுவையும் இன்னும் அப்படியே இருக்கு.

உனக்கு அங்க கல்லு கிடைக்காது. அழுகாம இருக்க மருந்து ஏத்துன பைன் மரத்துல, மண்ணுல நிக்கிறதுக்குன்னே சீட்டு ஒட்டுன காலா வாங்கச் சொல்லு. பலகைக்குச் செடார் நல்லது, மரத்தோட ஓரத்து வெளிறு இல்லாம, நடுவுல இருக்கிற வைரமா இருக்கணும். குழிக்கு அடியில ஜல்லி, கான்கிரீட்டு தரையை விட ஒரு விரல் உசந்து வெளிப்பக்கம் சரிவா. பலகை மண்ணைத் தொடாம ரெண்டு அங்குலம் தூக்கி. அறுத்த முனையில எல்லாம் மருந்தைத் தடவணும், தண்ணி குடிக்கிற வாயே அதுதான். இப்ப வர்ற மருந்துல செம்பு இருக்கு, சாதா ஆணியைத் தின்னுரும். கெட்டியா துத்தநாக முலாம் போட்டது இல்ல எவர்சில்வர் ஆணிதான் அடிக்கணும். ஒண்ணு மறந்துராத: பழைய வேலியைப் பிரிச்சா குளிர் காயுறேன்னு எரிச்சிராத. 2003 முடிய வீட்டு மரத்துக்கு ஏத்துன மருந்துல ஆர்சனிக் இருந்துச்சு. உனக்கு ரெண்டு சுள்ளியைக் கண்டா போதும், உடனே பத்த வைப்ப.

இங்க கொத்தனார் டெக்ஸ்சரைப் பூராவும் சுரண்டிட்டாரு. தை வரைக்கும் சுவரைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. அப்புறம் சுண்ணாம்புதான். தினமும் சாயங்காலம் வந்து, ஒரு காப்பியைக் குடிச்சுட்டு, தட்டிப் பாத்துட்டுப் போறாரு. நீ தைக்கு வரும்போது அந்த ஈர மீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வா. முதல்ல அவரு விரலால தட்டி இடத்தைச் சாக்பீஸ்ல குறிக்கட்டும், பின்னால நாம குத்திப் பாப்போம். ஒச்சு அம்பது ரூவா மீட்டர் பக்கம் கட்டியிருக்கான். நான் கொத்தனார் பக்கம்.

உன்,
கடைக்காரன்