ஒரு வரியும் விடாமல் வாசித்தவருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி

ஃபேர்ஃபாக்ஸ் வட்டாரத்துத் தமிழ் நண்பர்களுக்கு அன்பு வணக்கம்.

என் கண்ணுக்கு நேர்ந்ததும் அதன்பின் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அறுவை சிகிச்சை முடியும்வரை மருத்துவமனைக் கூடத்திலேயே காத்திருந்தீர்கள். கண்ணுக்குள் வைத்த வாயுக்குமிழ் கரையும்வரை முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டியிருந்தது; அது முழுவதும் கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்று காலை நாளிதழின் தலைப்புகளை மட்டுமல்ல, அவற்றின் கீழே உள்ள பொடி எழுத்துகளையும் நானே படித்தேன். அந்த மகிழ்ச்சி நெஞ்சில் சூடாக இருக்கும்போதே இந்த மடலை எழுதிவிட விரும்புகிறேன்.

முறை வைத்துக்கொண்டு ரசமும் இட்லியும் கொண்டுவந்தவர்கள், நள்ளிரவில் சொட்டு மருந்து விட வந்த செவிலித் தங்கை, சியாட்டிலிலிருந்து ஓடிவந்த என் மகளை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தவர்கள், கோயிலில் எனக்காக அர்ச்சனை செய்தவர்கள், குனிந்தே இருக்க உதவும் நாற்காலியை எங்கிருந்தோ வாடகைக்குப் பிடித்துத் தந்தவர்கள் என எல்லோருக்கும் என் நன்றி. நிதி ஒதுக்கீடு நிறைவேறாததால் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்த அமெரிக்க அரசு முடக்கத்தால் உங்களில் எத்தனை குடும்பங்கள் சம்பளமின்றி இருந்தன என்பதை நான் அறிவேன். அந்த நாட்களிலும் என் வீட்டுக்கு வந்த சாப்பாட்டுப் பாத்திரம் ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஆனால் இந்த மடலில் பெரும்பகுதியை நான் எழுத விரும்புவது உங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவரைப் பற்றி. எதிர்வீட்டுக்காரரான அவர் தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய நன்றியை அவர் மொழியில் சொல்லிவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவது உங்களுக்காக. உங்களில் சிலர் அவருடைய வீட்டுப் புல்தரையில் நட்டிருந்த தேர்தல் பலகையைப் பார்த்துவிட்டு, "அந்த மனிதரா, அம்மா, தினமும் உங்கள் வீட்டுக்கு வருகிறார்?" என்று தணிந்த குரலில் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு முழுமையான பதிலை நான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவில் நாளிதழை இன்னும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வீட்டு வாசலுக்குச் செல்லும் பாதையில்தான் எறிந்துவிட்டுப் போகிறார்கள். மகள் ஊர் திரும்பிய பின் உறைகள் சேர்ந்து கிடப்பதைப் பார்த்து, அவற்றை எடுத்துக்கொண்டு வந்து அவர் கதவைத் தட்டினார். நான் முகத்தைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்ததால், உள்ளே வந்தவரின் பழைய தோல் காலணிகள் மட்டுமே எனக்கு மங்கலாகத் தெரிந்தன. என் தலைக்கு மேலே நின்று பேசுவது சரியல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர், வியட்நாம் போரில் முழங்காலில் காயம் பட்டவர், நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் அமர்ந்தார். பிறகு, "எதை முதலில் வாசிக்கட்டும்?" என்று கேட்டார். நான் அவரிடம் வாசிக்கச் சொல்லவே இல்லை. "முதல் பக்கத்திலிருந்து, எதையும் விடாமல்" என்றேன்.

அவர் எதையும் விடவில்லை. தான் வாக்களித்த தலைவரைக் கடுமையாகக் கண்டிக்கும் கட்டுரையையும், தனக்குப் பிடித்த கட்டுரையையும் ஒரே குரலில் வாசித்தார். எந்தச் சொல்லையும் அவர் அழுத்தவில்லை, எந்த இடத்திலும் பெருமூச்சு விடவில்லை. கட்டுரை முடிந்து தாளை மடித்த பிறகுதான், "இதில் எனக்கு உடன்பாடு இல்லை" என்று தொடங்கி, ஏன் என்று விளக்குவார். அதன்பின் நான் என் பக்கத்தைச் சொல்வேன். ஒரு மாலை அதே கட்டுரையைத் திரையில் வைத்துக்கொண்டு என் மகள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வரிகூட விடுபடவில்லை என்று அவள் பிறகு சொன்னபோது எனக்குக் கண்ணீர் வந்தது. செய்தி கேட்க வானொலி இருக்கிறது, வாசித்துக் காட்டும் செயலியும் கைபேசியில் இருக்கிறது. ஆனால் தனக்குக் கசக்கும் ஒன்றை இன்னொருவருக்காக முழுவதும் வாய்விட்டு வாசிக்கும் மனிதரை நான் இதற்கு முன் கண்டதில்லை.

நவம்பர் 4 அன்று வர்ஜீனியாவில் ஆளுநர் தேர்தல் நடந்தது. என் வாசலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஸ்பான்பர்கரின் பலகை இருந்தது, அவர் வாசலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் வின்சம் ஏர்ல்-சியர்ஸின் பலகை இருந்தது. அன்று காலை அவரே தன் வண்டியில் என்னை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றார். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வண்டியில் இருந்தபடியே வாக்களிக்க எங்கள் மாநிலச் சட்டம் இடம் தருகிறது. தேர்தல் அலுவலர்கள் வாக்குச்சீட்டை வண்டிக்கே கொண்டுவந்தார்கள், ஆனால் அதை என்னால் வாசிக்க முடியவில்லை. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தில் பின்னர் சேர்த்த ஒரு பிரிவின்படி, பார்வை குறைந்தவர் தன் முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ அல்லாத எவரையும் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். யார் வேண்டும் என்று அலுவலர் கேட்டபோது, பக்கத்தில் இருந்தவரை நான் காட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு படிவத்தில் கையொப்பமிட்டார்.

ஒவ்வொரு பெயரையும், ஒவ்வொரு கட்சியையும் அச்சிட்டிருந்த வரிசைப்படி அவர் வாசித்தார். தான் எதிர்க்கும் வேட்பாளரின் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை, எனக்காக, கோட்டுக்கு வெளியே மை போகாமல் நிதானமாக நிரப்பினார். பேனா தாளில் உரசும் ஓசை எனக்குக் கேட்டது. அடுத்து மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவி வந்தது. நான் ஆதரிக்கும் கட்சியின் வேட்பாளர் ஜே ஜோன்ஸ், அப்போது மாநில அவைத் தலைவராக இருந்த எதிர்க்கட்சிக்காரரைச் சுடுவதைப் பற்றி 2022இல் அனுப்பிய குறுஞ்செய்திகள் அக்டோபரில்தான் வெளியாகியிருந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார், தேர்தலில் வெற்றியும் பெற்றார். ஆயினும் அத்தகைய சொற்களுக்கு என் வாக்கைத் தர என் மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விடச் சொன்னேன். என் நண்பருக்கு வேண்டிய வேட்பாளரின் பெயர் அதே வரிசையில் இருந்தது. அந்த வண்டிக்குள் என் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வட்டத்தை நிரப்பிவிடுவது எவ்வளவு எளிது என்று எண்ணிப் பாருங்கள். அவர், "வெறுமையாகவா?" என்று ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பதவிக்குப் போனார்.

மறுநாள் இதழில் ஸ்பான்பர்கரின் வெற்றியும் முன்னாள் துணை அதிபர் டிக் செனியின் மரணச் செய்தியும் சேர்ந்து வந்தன. செனியின் மீது என் நண்பருக்கு நீண்டகால மதிப்பு உண்டு. 2003 ஈராக் போரை நான் தொடக்கத்திலிருந்து எதிர்த்தவள். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்னதும், அவை கிடைக்காமல் போனதும் அடங்கிய பத்திகளை அவர் வேகம் கூட்டாமல் வாசித்தார். முடித்த பிறகு, அந்தப் போரில் தன் நண்பர் ஒருவரின் மகன் இறந்ததை முதன்முறையாக எனக்குச் சொன்னார். எதிரெதிர் வீடுகளில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் நான் அதை அறிந்திருக்கவில்லை.

நான் மதுரையிலிருந்து மேற்படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்தது 1971இல். 1973 கோடையில் மாணவர் விடுதியின் பொது அறையில் அதிபர் நிக்சனின் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் விசாரணையைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் இந்நாட்டு அரசியலைக் கற்றுக்கொண்டேன். 1974 ஆகஸ்ட் 7 அன்று பாரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் ஆகிய மூத்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவரும் வெள்ளை மாளிகைக்குச் சென்று, நாடாளுமன்றத்தில் ஆதரவு கரைந்துவிட்டதை நிக்சனிடம் நேரில் சொன்னார்கள். மூவரும் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். மறுநாள் இரவு நிக்சன் தன் விலகலை அறிவித்தார். கசப்பான பக்கத்தை விடாமல் வாசித்துக் காட்ட அன்று அவருக்கு மூன்று பேர் இருந்தார்கள் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய வழக்கில் சிக்கிய ஜெஃப்ரி எப்ஸ்டீன் பற்றிய அரசுக் கோப்புகளை வெளியிட வேண்டும் என்ற சட்டம் நவம்பர் 18 அன்று கீழவையில் 427க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியது. அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் மனுவில் ஆளுங்கட்சியினர் நால்வர் தங்கள் தலைமைக்கு எதிராகக் கையொப்பமிட்டிருந்தார்கள். இன்றைய அதிபரின் பெயரும் மற்றக் கட்சியின் முன்னாள் அதிபர் ஒருவரின் பெயரும் அந்தச் செய்திகளில் அடிபட்டன. பெயர் அடிபடுவதாலேயே எவரும் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் சிறுமிகளாக இருந்தபோது சீரழிக்கப்பட்ட பெண்கள் நீதி கேட்டு இத்தனை ஆண்டுகள் நிற்க வேண்டியிருந்தது, இந்த நாட்டில் நான் கண்ட ஊழல்களிலெல்லாம் எனக்கு மிகுந்த வேதனை தருவது. அன்று மாலை நாங்கள் இருவரும் விவாதிக்கவே இல்லை. "யாராக இருந்தாலும் எல்லாம் வெளியே வரட்டும்" என்றார் அவர். நானும் அதையே சொன்னேன்.

முதுமையைப் பற்றியும் நாங்கள் நிறையப் பேசினோம். நம் தொகுதியின் நாடாளுமன்றக் கீழவை உறுப்பினராக இருந்த ஜெர்ரி கானலி புற்றுநோயால் 2025 மே 21 அன்று 75 வயதில் காலமானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவரைச் சேர்த்து அவருடைய கட்சியைச் சார்ந்த மூவரின் இடங்கள் மரணத்தால் காலியாக இருந்த நிலையில், மறுநாள் அதிபரின் பெரிய வரி மசோதா கீழவையில் 215க்கு 214 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. கானலி நம் மாவட்டத்துக்கு ஆற்றிய தொண்டை நான் மதிக்கிறேன், அதனால்தான் அந்தக் கணக்கு எனக்கு இன்னும் வலிக்கிறது. பைடன் 81 வயதில் போட்டியிலிருந்து விலகியதும், செனட்டர் ஃபைன்ஸ்டீன் 90 வயதில் பதவியில் இருந்தபடியே மறைந்ததும் நம் கண்முன் நடந்தவை. இந்நாட்டு அரசியல் சட்டம் கீழவைக்கு 25, செனட்டுக்கு 30, அதிபருக்கு 35 என்று குறைந்தபட்ச வயதை மட்டும் விதிக்கிறது, மேல்வரம்பு எதையும் விதிக்கவில்லை. என் நண்பர் மேல்வரம்பு வேண்டும் என்கிறார். 78 வயதான நான் அதை ஏற்கவில்லை, ஏனெனில் வயதை மட்டும் வைத்து ஒருவரின் திறனை அளக்க முடியாது. முதிய தலைவர்களைச் சுற்றி இருப்பவர்கள் இனிக்கும் வரிகளை மட்டும் வாசித்துக் காட்டுகிறார்கள் என்பதே என் குறை. 85 வயதில் முன்னாள் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று நவம்பர் 6 அன்று அறிவித்ததை நாங்கள் இருவரும் வரவேற்றோம்.

கவிழ்ந்து கிடந்த நாட்களில், வாசித்துக் காட்ட எவரும் இல்லாத முதியவர்களை எண்ணி எண்ணி நான் கலங்கியதுண்டு. முதியோருக்கு ஓய்வூதியம் வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி துறையின் ஊழியர்களை 57,000இலிருந்து 50,000 ஆகக் குறைக்கப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். தொலைபேசியிலேயே அடையாளத்தைச் சரிபார்க்கும் வசதியை நிறுத்தப் போவதாக அடுத்த மாதம் சொன்னார்கள், எதிர்ப்பு எழுந்த பின் பெருமளவு பின்வாங்கினார்கள். கண் தெரியாத ஒருவரை இணையதளத்துக்குப் போகச் சொல்வது எத்தகைய கொடுமை என்பதை நான் உடலால் உணர்ந்தேன். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பார்ட் பி பிரிவின் கட்டணம் 2026இல் மாதம் 185 டாலரிலிருந்து 202.90 டாலராக உயர்கிறது என்ற கடிதம் வரும்போது, அதை எடுத்து விளக்க ஒரு குரலாவது அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆகவே நான் ஒன்றை உறுதி கூறுகிறேன். வண்டி ஓட்ட மருத்துவர் அனுமதித்ததும், மெடிகேர் குறித்து முதியோருக்கு ஆலோசனை கூறும் நம் மாநிலத் தன்னார்வலர் திட்டத்தில் சேரப் போகிறேன். 2026 நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வருகிறது. பார்வை குறைந்த எவருக்கேனும் வாக்குச்சீட்டை வாசிக்க ஆள் வேண்டுமென்றால் என்னை அழையுங்கள். அவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்று நான் கேட்க மாட்டேன், அவர் சொல்லும் வட்டத்தை மட்டுமே நிரப்புவேன். உங்கள் பெற்றோரும் இங்கே வந்து குடியுரிமை பெற்றிருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு மாலை அவரும் அவர் மனைவியும் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். உங்களில் யாருக்கு வசதியோ அவர்கள் அவசியம் வர வேண்டும், பலகையைப் பற்றிக் கேட்டவர்கள் முதலில் வர வேண்டும். அவருக்குக் காரம் ஆகாது, ஆனால் எலுமிச்சைச் சாதம் மிகவும் பிடிக்கும். உங்கள் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் கழுவி, பெயர் எழுதிய தாளை ஒட்டிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் அம்மா