பாஸ் மீன்பிடிப்புக்கு ஃபிளை ராடு: ஐந்தாம் எண் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழர்களின் பொழுதுபோக்குகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், ஃபிளை எனப்படும் போலிப் பூச்சி இரையை வீசி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங் பழக விரும்புவோர் 9 அடி நீளமுள்ள 5ஆம் எண் ராடு (தூண்டில் கோல்) ஒன்றை வாங்கிக்கொண்டால் டிரவுட் முதல் பாஸ் வரை எல்லா நன்னீர் மீன்களுக்கும் அதுவே போதும் என்று எழுதப்பட்டிருந்தது. டிரவுட் மீனைப் பொறுத்தவரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் வசிக்கும் டெக்சாஸ் மாநிலத்தின் ஏரிகளிலும் பண்ணைக் குளங்களிலும் பெருவாய் பாஸைத் தேடிப் போகிறவர் அந்த அறிவுரையை நம்பிப் பணத்தைச் செலவிட்டால், முதல் கோடையிலேயே இன்னொரு ராடு வாங்க நேரிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ராடின் அடிப்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும் எண் அது தாங்கக்கூடிய மீனின் எடையைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். கட்டுரையாளரும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. உண்மையில் அது அந்த ராடு வீச வேண்டிய லைனின், அதாவது தடித்த வீச்சுக் கயிற்றின், எடைக்கான எண். லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்தால், 5ஆம் எண் லைன் 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம் இருக்க வேண்டும். 8ஆம் எண் லைன் 210 கிரெயின், ஏறத்தாழ 13.6 கிராம். சாதாரணத் தூண்டிலில் இரையின் கனமே நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃபிளை ஃபிஷிங்கிலோ, இறகும் மயிரும் முள்ளில் கட்டிச் செய்த அந்தப் போலி இரைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான கனம் கிடையாது. லைனின் கனம்தான் அதைத் தூக்கிச் செல்ல வேண்டும். ஆகவே ராடைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, மீன் எத்தனை பவுண்டு என்பதல்ல, ஃபிளை எத்தனை பெரியது என்பதே.

டிரவுட்டுக்கான ஃபிளை பலவும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. பாஸுக்கு நாங்கள் கட்டும், நீர்மேல் மிதக்கும் பாப்பர் வகை ஃபிளை, மானின் மயிரை நெருக்கமாக அடுக்கிக் கத்தரித்துச் செய்த, கட்டைவிரல் பருமனுள்ள தலையும் பின்னால் தொங்கும் ரப்பர் கால்களும் கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டால் அது இன்னும் கனக்கும். வீசும்போது காற்று அதன் தட்டையான முகத்தில் மோதித் தடுக்கும். 5ஆம் எண் லைனில் இதைக் கட்டி வீசினால், முன்னோக்கிச் செல்லும் லைன் பாதி வழியிலேயே வேகம் இழந்து, அதன் முனையில் கட்டிய மெல்லிய நரம்பான லீடர் நேராகாமல், ஃபிளையும் லைனும் எல்லாம் ஒரே குவியலாகத் தண்ணீரில் விழும். ஈயக் கண்கள் பொருத்திய கிளவுசர் மின்னோ வகை ஃபிளையாக இருந்தால் இன்னும் மோசம்: அது தாழ்ந்து வந்து ராடின் மீதே அடிக்கும். கார்பன் இழை ராடில் அந்த அடி அப்போது கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் மீன் இழுக்கும்போது அதே இடத்தில் முறியும்.

மீனின் எடையும் ஒரு பொருட்டுதானே என்று கேட்கலாம். லேக் ஃபோர்க் ஏரியில் 1992இல் பிடிபட்ட 18.18 பவுண்டு பாஸ்தான் இன்றுவரை இம்மாநிலத்தின் சாதனை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் பிடிப்பது இரண்டு, மூன்று பவுண்டு மீன்களே. திறந்த நீரில் அவற்றை 5ஆம் எண் ராடு தாராளமாகத் தாங்கும். சிக்கல் பாஸ் வாழும் இடத்தில் இருக்கிறது. ஃபிளையை விழுங்கிய மறுகணமே அது அல்லி இலைகளுக்கு அடியிலோ, ஹைட்ரில்லாப் பாசிக்குள்ளோ, மூழ்கிய மரக்கிளைகளுக்கிடையிலோ தலையை நுழைத்துவிடும். அதைத் திருப்புவதற்கு 12 முதல் 16 பவுண்டு தாங்கும் முனை நரம்பும், அந்த நரம்புக்கு ஈடுகொடுக்கும் அடிப்பகுதி வலுவுள்ள ராடும் வேண்டும். மெல்லிய ராடில் தடித்த நரம்பைக் கட்டி மேல்நோக்கி இழுத்தால் முதலில் போவது ராடாகத்தான் இருக்கும். பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவர்களுக்கு வலுவான ராடை நாட இன்னொரு காரணமும் உண்டு: கோடையில் சூடேறிய, பிராணவாயு குறைந்த நீரில் நெடுநேரம் போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் பிழைக்காமல் போகலாம்.

ஆகையால் பாசியும் அல்லியும் மண்டிய ஏரிக்கு 8ஆம் எண்ணும், சற்றே திறந்த குளங்களுக்கு 7ஆம் எண்ணும் என் பரிந்துரை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் 8. கட்டுரையாளரின் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1989இல் டெக்சாஸின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட குவாடலூப் பாஸ், லானோ போன்ற ஓடும் ஆறுகளில் வாழ்வது. பெரும்பாலும் ஒரு பவுண்டு அளவில் இருப்பது. சிறிய ஃபிளைக்கே வரும். அதற்கு 5 அல்லது 6 நன்றாகவே பொருந்தும்.

நீளத்தில் 9 அடியே நல்லது, குறிப்பாக மிதவையில் தாழ அமர்ந்து வீசுவோருக்கு. பின்வீச்சு தண்ணீரில் படாமல் காக்கும். 8 அடிக்குச் சற்றுக் குறைவான பாஸ் ராடுகளும் விற்பனைக்கு வந்தன. போட்டிகளில் ராடின் நீளத்துக்கு 8 அடி வரம்பு இருந்ததை ஒட்டிப் பிறந்தவை அவை. போட்டிக்குப் போகாதவர் அந்த நீளத்தைக் கட்டாயமாகக் கருத வேண்டியதில்லை. விறைப்பு விஷயத்தில் மட்டும் விற்பனையாளரின் பேச்சுக்கு மயங்காதிருப்பது நலம். மிக விறைப்பான ராடு, 80 அடி தூரம் வீசுகிற கைதேர்ந்தவருக்கானது. பாஸுக்கு நாம் வீசுவது 40, 50 அடிதான். நடுப்பகுதி வரை வளைந்து கொடுக்கும் ராடுதான் அந்தக் குறுகிய லைனின் கனத்தைக் கையில் உணர்த்தும்.

லைனைச் சுற்றிவைக்கும் ரீலுக்கு அதிகம் செலவிட வேண்டாம். பாஸ் நூறு கஜம் ஓடுகிற மீன் அல்ல. லைனைக் கையால் இழுத்தே கொண்டுவந்துவிடலாம். மிச்சமாகும் பணத்தை முன்பகுதி குட்டையாகவும் கனமாகவும் அமைந்த பாஸ் லைனுக்குக் கொடுக்கலாம். ஆனால் இவ்வகை லைன்கள் பலவும் பெட்டியில் 8 என்று போட்டிருந்தாலும் 210 கிரெயினுக்கு மேல் கனமுள்ளவை. ஆகவே எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், அருகில் அச்சிட்டிருக்கும் கிரெயின் கணக்கையும் படித்துப் பார்ப்பது அவசியம்.

அடுத்து இப்பொருள் பற்றி எழுதும்போது, கடையில் வெறும் லைனை வீசிப் பார்த்து ராடு வாங்குவது போதாது என்பதையும் தங்கள் கட்டுரையாளர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன். வெறும் லைனை எந்த ராடும் அழகாக வீசும். முள்முனையை வெட்டி நீக்கிய பெரிய பாப்பர் ஒன்றை எடுத்துச் சென்று, ஏழரை அடி லீடரில் கட்டி, கடை வாசல் புல்தரையில் காற்றுக்கு எதிராகப் பத்து முறை வீசிப் பார்க்க எந்த நல்ல கடைக்காரரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆஸ்டின், டெக்சாஸ்.