கோயில் மண்டபத்தைப் பிள்ளைகளுக்கும் திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனில் சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு எழுதிப் பாடும் இளைஞர்கள் ஏன் இல்லை என்று உங்கள் இளைஞர் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். இருக்கிறார்கள் ஐயா. அவர்களுக்குப் பழக இடம்தான் இல்லை.

என் அண்ணன் மகள் ஹங்கேரியில் பேச் என்ற ஊரில் மருத்துவம் படிக்கிறாள். அந்த ஊரில் உருவான 'கிஷ்பால் ஏஷ் ஓ போர்ஸ்' என்ற ராக் குழுவின் பாட்டுகளை அவள்தான் எனக்கு அனுப்பினாள். மொழி புரியாவிட்டாலும் விடாமல் கேட்கிறேன், அவர்களைப் பற்றித் தேடிப் படித்தும் வருகிறேன்.

பேச் தலைநகரம் இல்லை. புடாபெஸ்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே, சுரங்கத் தொழிலும் பீங்கான் தொழிலும் வளர்த்த ஊர். அங்கே 1987இல் லோவாஷி ஆன்ட்ராஷ் பேஸ் கிட்டாரோடு பாட, கிஷ்பால் ஆன்ட்ராஷ் கிட்டார் வாசிக்க, குழு தொடங்கியது. அப்போது அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி. கலைகளை ஆதரிப்பவை, பொறுத்துக்கொள்பவை, தடைசெய்பவை என்று அரசு மூன்றாகப் பிரித்து வைத்திருந்த நாடு அது. பல காலம் இசைத்தட்டு வெளியிடுவதும் அரசு நிறுவனத்தின் கையில்தான். 1989இல் ஆட்சி மாறியது. 1991இல் இவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது, அப்புறம் 1994 வரை வருஷத்துக்கு ஒன்று.

என்னைக் கவர்ந்தது 1993இல் வந்த மூன்றாவது ஆல்பம். அதன் பெயரே 'கட்டில், மேசை, டிவி'தான். வீட்டில் கிடக்கும் சாமான்களை வைத்து, ஒன்றரைக் கோடிப் பேர்கூடப் பேசாத தங்கள் மொழியில் பாடினார்கள். வெளிநாட்டில் எடுபடாதே என்று அவர்கள் தயங்கவில்லை. 2010இல் டான்யூப் நதித் தீவில் நடக்கும் சிகெட் விழாவில் அவர்கள் விடைபெற்றபோது பல்லாயிரம் பேர் கூடி நின்றார்கள்.

அந்த நாட்டில் ஊருக்கு ஊர் பண்பாட்டு இல்லம் என்று ஒரு கட்டடம் உண்டு. மேடை, நாற்காலி, மின்சாரம் எல்லாம் தயாராக இருக்கும். அந்தக் காலத்தில் எத்தனையோ குழுக்கள் அங்கேயும் பல்கலைக்கழக கிளப்புகளிலும் வாசித்துத்தான் தலையெடுத்தன. அரசு எவ்வளவு கெடுபிடி செய்தாலும் நான்கு பேர் கூடி வாசிக்க ஒரு கூரை இருந்தது.

நம் சாட்ஸ்வொர்த்தில் அந்தக் கூரைக்குத்தான் பஞ்சம். என் தங்கை மகனும் அவன் சிநேகிதர்களும் காரை வெளியே தள்ளிவிட்டு கராஜில் பழகுகிறார்கள். சத்தம் வெளியே போகாமலிருக்க டிரம் மேல் பழைய போர்வை. அப்படியும் எட்டு மணிக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுகிறார். தையல் தொழிற்சாலை மூடி வேலை போன பிறகும் விடியற்காலையில் எழுந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைக்கும் ஒரு பாட்டியைப் பற்றி அவன் பாட்டு எழுதியிருக்கிறான். பேச்சுத் தமிழில், இடையிடையே நம் டர்பன் ஆங்கிலத்தோடு. நம் குடும்பங்களில் நடந்ததை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கோயில் மண்டபத்தை வாரத்தில் ஒரு மாலை தரும்படி கேட்டோம். பஜனைக்கு என்றால் சரி, டிரம் செட்டுக்கு இல்லை என்று நிர்வாகக் குழுவில் சொல்லிவிட்டார்கள். பெரியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் காவடிக்கு உறுமியும் தவிலும் முழங்காத கோயிலா நம் கோயில்? நாங்கள் சந்நிதியைக் கேட்கவில்லை. கல்யாணம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கும் மண்டபத்தைத்தான் கேட்கிறோம். அதைக் கட்ட நன்கொடைச் சீட்டோடு வீடு வீடாக அலைந்தவர்களில் இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களும் உண்டு.

நம் முன்னோர் கப்பலில் வந்திறங்கிய 1860 முதல் இங்கே தமிழைக் காப்பாற்றிக்கொண்டு வந்ததில் கோயில்களுக்குத்தான் பெரும்பங்கு. அந்த உரிமையில்தான் டர்பனிலுள்ள எல்லாக் கோயில் நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். வார நாளில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் கொடுங்கள். மின்கட்டணத்தைப் பெற்றோர்கள் ஏற்கிறோம். மது, மாமிசம் உள்ளே வராது. பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டு நடனங்களுக்கு நடுவே இவர்களுக்கும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தக் கோயில் முன்வந்தாலும் சாவியை வாங்கித் திறக்கவும், பெருக்கிப் பூட்டவும் நான் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்