லண்டன் அடுப்பில் நம்ம வீட்டுச் சமையல்

லண்டன்,
மார்கழி மாதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். வள்ளி தை பிறந்ததும் குடும்பத்தோடு இங்கே வருகிறாள் என்றும், அவளிடம் இரண்டு கிலோ மசாலாப் பொடி அரைத்துக் கொடுத்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பொடி வேண்டாம் ஆச்சி. ஒரே பொடியைப் போட்டால் ஏழு நாளும் ஒரே குழம்புதான், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடும். காரைக்குடிச் சமையல் என்றாலே காரம் என்று வெளியில் பேராகிவிட்டது. வீட்டில் நாம் தினம் வைப்பது அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் மண்டி, இளங்குழம்பு, கூட்டு, கத்தரிக்காயை மசித்துச் செய்யும் கோசமல்லி. இவற்றை அவள் கைப்பழக்கமாக்கிக்கொண்டு வரட்டும்.

முதலில் தண்ணீரைச் சொல்கிறேன். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். அது பயறு, கடலையின் தோலை இறுக்கிவிடுவதால் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே இருக்கும். கொண்டைக்கடலை அரைக் கிலோ ஊறவைக்கும்போது அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவி வேகவைக்க வேண்டும். துவரம்பருப்புக்கு வடிகட்டிய தண்ணீர் போதும். புளியும் உப்பும் பருப்பு மசிந்த பிறகுதான்.

வெண்டைக்காய் மண்டிக்கு இங்கே உறைந்த காய்தான் மலிவு. கால் கிலோ காயை உருகவிடாமல் அப்படியே அகலச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, மூடாமல் வதக்க வேண்டும். உருகவிட்டாலும், மூடிவைத்தாலும், முதலிலேயே உப்புப் போட்டாலும் தண்ணீர் விட்டுக் கொழகொழத்துப்போகும். வழவழப்பு அடங்கியதும் தனியே எடுத்துவிட்டு, அதே சட்டியில் கடுகு, உளுந்து, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், கீறிய பச்சை மிளகாய் 5 வதக்கட்டும். அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் இரண்டு டம்ளரில் சிறு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போனபின் காயைப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை சிறு தீ. கழுவிய தண்ணீர் நீர்த்திருந்தால் ஒரு டீஸ்பூன் அரிசிமாவு கரைத்து விடலாம். இதே மண்டியை ஊறவைத்து அவித்த மொச்சையிலும் வைக்கலாம். குளிர்காலத்தில் எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கும் பிரஸ்ஸல்ஸ் முளைக்கோசும் புளிக்கு நன்றாகச் சேரும். இரண்டாக வெட்டி, வெட்டுப்பக்கம் சிவக்க வதக்கிக் கடைசியில் போட வேண்டும். அதிகம் வெந்தால் கந்தக வாடை வந்துவிடும்.

இட்லி மாவு இந்தக் குளிரில் தானாகப் பொங்காது. ஓவன் அடுப்புக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் எரியவிட்டால் போதும். ஆனால் வெள்ளைப் பணியாரத்துக்குப் புளிக்கவே வேண்டாமே, இந்த ஊருக்கென்றே பிறந்த பலகாரம்! ஒரு டம்ளர் பச்சரிசி தலைதட்டி, அதன்மேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறியதும் வெண்ணெய்போல் ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்து, ஊற்றும் பதத்துக்குப் பால் விட வேண்டும். எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் நடுவில் ஒரு கரண்டி, ஒவ்வொன்றாகத்தான். மாவு கெட்டியானால் உருண்டையாக நின்றுவிடும், நீர்த்தால் ஓரம் பிய்ந்து பரவும். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைக்கும். முதல் பணியாரத்தைப் பார்த்துவிட்டு, எண்ணெய் குடித்தால் அரிசிமாவு ஒரு டீஸ்பூன் சேர்த்துச் சரிசெய்யலாம். வரமிளகாய்த் துவையல் தொட்டுக்கொள்ள.

கோழிக்கு மட்டும் அன்றன்றைக்கு வறுத்து அரைக்கட்டும். எலும்போடு ஒரு கிலோவுக்கு வரமிளகாய் 10, மல்லி மூன்று மேசைக்கரண்டி, மிளகு, சோம்பு இரண்டிரண்டு டீஸ்பூன், சீரகம் ஒன்று, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 3, கல்பாசி இரண்டு கிள்ளு. கல்பாசி கூடினால் கசக்கும். மிளகாய் நெடிக்குக் கூரையிலிருக்கும் புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்துவைத்துச் சிறு தீயில், மல்லி முதலில், மிளகாய் கடைசியில். இங்கத்துக் கோழி தண்ணீர் விடும், ஆகவே வேகும்போது தனியாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பெட்டியில் உப்புக்கண்டமும் நெய்யும் வைக்காதீர்கள், இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவர அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும். கல்பாசியும் மராட்டி மொக்கும் ஐம்பது ஐம்பது கிராம், தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, பேர் எழுதி ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை